முதல் 20 நிமிடம் நம் கையில்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஆற்றிய உரை)



இங்கே முறுக்கு, அப்பளம் போடுகிற குழுக்கள் வந்திருக்கிறீர்கள். தையல் யூனிட், மாவு மில், சோப்பு, பினாயில் என்று பல தொழில் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். கடன் வாங்கித் தொழில் தொடங்கும்போது அடுப்பு, மிஷின், சரக்கு எல்லாத்துக்கும் கணக்குப் போடுகிறோம். வேலை செய்கிற கைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று யோசிக்கிறோமா? அந்தக் கைதானே மாதத் தவணையைக் கட்டுகிறது!

முதலில் தீக்காயம். கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்துவிட்டது. உடனே ஒருத்தர் பற்பசை என்பார், ஒருத்தர் இட்லி மாவு என்பார், இன்னொருத்தர் இங்க் பாட்டிலோடு ஓடி வருவார். எதுவும் வேண்டாம்மா. சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே எதையாவது அப்பினால் சூடும் தணியாது, புண்ணில் கிருமியும் சேரும். அப்புறம் ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது துடிக்கப் போவது நீங்கள்தான்.

தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர். 20 நிமிடம் குழாயடியில் கையைக் காட்டுங்கள். குழாய் இல்லையா, குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு வராது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். காயம் உங்கள் கை அளவுக்குப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

சேலையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், தரையில் படுத்து உருளுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

அடுத்தது வெட்டுக்காயம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நின்னுடுச்சா என்று நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். அடிபட்ட கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காபித்தூளும் சுண்ணாம்பும் காயத்துக்கு ஆகாது. மிஷின் ஊசி விரலில் ஆழமாக ஏறி நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரண ஜன்னி தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பினாயிலோ காஸ்டிக் சோடாக் கரைசலோ கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். பிறகு நேராக டாக்டரிடம் போங்கள்.

மில்லில் ஒருவரைக் கரண்ட் பிடித்துவிட்டால், பதறிப்போய்த் தொடாதீர்கள். இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-க்குப் போன் போடுங்கள். நம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய சேவை அது, காசு கிடையாது.

இன்னொன்று மனசு விட்டுச் சொல்கிறேன். நம் பெண்கள் காயத்தை மறைக்கிறார்கள். ஆர்டர் தள்ளிப்போகும், ஒரு நாள் கூலி போகும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்று பயம். மூன்று நாள் கழித்துச் சீழ் வைத்த விரலோடு வருகிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய், ஒரு மாதம் வேலை இல்லாமல் உட்கார நேரிடும். அடிபட்டவரைக் குறை சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது குழுவின் கடமை.

அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இதை எழுதுங்கள். பொது நிதியிலிருந்து ஒரு முதலுதவிப் பெட்டி வாங்க வேண்டும். அதில் காஸ் துணி, சுருள் கட்டுத்துணி, பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை, சோப்பு இருக்கட்டும். பெட்டி வேலை செய்கிற இடத்திலேயே, எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி இருக்கணும். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தலைவி வீட்டுக்குப் போய்விடக் கூடாது! மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, தீர்ந்ததை வாங்கி வையுங்கள்.

சேமிப்பு என்றால் பணம் மட்டும் இல்லை சகோதரிகளே, நம் உடம்பும் சேமிப்புதான்.