காற்றாலைகளின் காவல்



ஒல்லாந்து நாட்டிற்குச் செல்வோர், றொட்டர்டாம் நகரிலிருந்து ஒரே பகலில் கிண்டர்டைக் என்னும் கிராமத்துக்குச் சென்று மீளலாம். கூட்டத்தோடு செல்வோர் படம் பிடித்துக்கொண்டு விரைந்து அகல்வர். தமக்கென வண்டி அமர்த்திச் செல்வோருக்கோ அணைக்கரையில் ஆறுதலாக நிற்க அவகாசம் உண்டு. ஒருபுறம் லெக் ஆறு. மறுபுறம் ஆற்றுநீர் மட்டத்தினும் தாழ்ந்த புல்வெளி. இவ்விந்தையைக் கண்டபின்னரே அங்குள்ள 19 காற்றாலைகளின் பயன் விளங்கும்.

அவை நீர் இறைக்கும் ஆலைகள். பெரும்பாலானவை 1738க்கும் 1740க்கும் இடையில் கட்டப்பட்டவை. காற்று இறக்கைகளைச் சுழற்ற, கீழுள்ள பெருஞ்சக்கரம் வாய்க்கால் நீரை வாரி உயர்ந்த தேக்கத்தில் சேர்க்கும். ஆற்றுமட்டம் தாழும் வேளையில் மதகைத் திறந்து அந்நீரை வெளியேற்றுவர்.

அயலவன் வயலில் வெள்ளம் நிற்கத் தன் வயலை மாத்திரம் ஒருவன் உலர்த்திவிட முடியாது. ஆகவே, நடுக்காலத்திலேயே ஊரவர் கூடி நீர்ச்சபைகள் அமைத்தனர். அணைக்கும் மதகுக்கும் யாவரும் வரி இறுத்தனர்.

இன்று அவ்வேலையை இயந்திரப் பம்பிகள் செய்கின்றன. ஆயினும், 1940 முதல் 1945 வரை நாடு ஜேர்மானியர் பிடியிலிருந்து எரிபொருள் அருகிய காலத்தில், பழைய ஆலைகளே மீண்டும் சுழன்று நிலத்தைக் காத்தன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றது. ஆலைக்காரர் குடும்பங்கள் இன்றும் அவற்றுள்ளே வாழ்கின்றன.

அங்கு செல்லும் அன்பர்கள் இறக்கைகளை அண்ணாந்து நோக்குவதோடு அமையாது, குனிந்து நீர்மட்டத்தையும் நோக்குவார்களாக.