கூர்நோக்கு இல்லத்தில் யார் வீட்டுப் பிள்ளை?



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து நம் பிள்ளைகளை, ஒரு அண்ணனையும் தங்கையையும், அரிவாளால் வெட்டியவர்கள் ஆதிக்க சாதிப் பள்ளி மாணவர்கள். பிடிபட்ட சிறுவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். "வெட்டத் தெரிந்தவனுக்கு என்ன சிறுவர் சட்டம்? பெரியவனாக விசாரி" என்று நம் பக்கமும் பேசினோம். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கையை நாம் கைவிட வேண்டும் என்று சொல்லவே இந்த நினைவுரையை எடுத்துக்கொள்கிறோம்.

2012 டெல்லி வன்கொடுமைக்குப் பின் எழுந்த ஆவேசத்தில் வந்தது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 16 வயது நிறைந்தவர்மீது கொடுங்குற்ற வழக்கு என்றால், அவருக்கு மனமுதிர்ச்சி உண்டா, விளைவு புரியுமா என்று இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட்டு, பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். பத்து வயதில் செங்கல் சூளைக்குப் போனவனை 'முதிர்ந்தவன்' என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

இருக்கிற பாதுகாப்பே நம் தெருவுக்கு வரும்போது தேய்ந்துபோகிறது. ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் சிறுவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது பிரிவு 12. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வார், ஒழுக்கக் கேட்டுக்கு ஆளாவார் என்று நம்ப இடமிருந்தால் மறுக்கலாம். சேரி முகவரியே அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறது. வயதும் அப்படித்தான். பள்ளிச் சான்று வேண்டும், அல்லது பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. அந்தக் காகிதங்கள் இல்லாத வீடுகள் எங்கே என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தின் காவலில் இருந்தபோது 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லக் கண்காணிப்பாளரும் ஊழியர்களும் கைதானார்கள். நீதிபதி சந்துரு ஒருநபர் குழு அதன்பிறகுதான் வந்தது. ஒரு பேட்டரி, தோழர்களே. சிறுவர் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடத்திலேயே இந்தக் கதி. பெரியவர் சிறைக்குள் என்ன நடக்கும்?

நாங்குநேரிக்கு வருவோம். அந்தப் பையன்களின் வயதைக் கூட்டச் சொல்லி நாம் கேட்க வேண்டாம். அவர்களைப் போன்றவர்களின் கையில் சாதிக் கயிறு கட்டிவிட்டவர்கள் எல்லாரும் 18 தாண்டியவர்கள். அவர்கள்மீது வழக்குப் போட எந்த மதிப்பீடும் தேவையில்லை. இல்லத்தில் ஒவ்வொரு சிறுவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்கிறது சட்டம். அதில் சாதி என்ற சொல் வருகிறதா என்று கேட்போம்.

குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள். குழந்தைகளுக்காக ஏழாண்டு உழைத்தவர்களும், சமூகவியலோ சட்டமோ படித்துத் தொழில் செய்பவர்களும் அதற்குத் தகுதியானவர்கள். இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள்.