குளத்து விளக்கும் இரண்டு எண்களும்



மின்விளக்கு ஒன்றைக் கையில் எடுத்தால், அதன்மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ஒன்று வோல்ட், மற்றொன்று வாட். வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது நாம் வாட்டை மட்டுமே கேட்கிறோம். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் என்பது கடைக்காரரும் நாமும் அறிந்ததே. ஆதலின் அவ்வெண் பேச்சில் வருவதில்லை. ஆனால் நீச்சற் குளத்தின் சுவரில், நீருக்குள் எரியும் விளக்கை மாற்றும்போது, பேசாமல் விட்ட அவ்வெண்ணே உயிரைப் பற்றியதாகிவிடுகிறது.

அமெரிக்க நாட்டுக் குளங்களை எடுத்துக்கொள்கிறேன். அங்கே விளக்குகளுக்கு வரும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். சில குளங்களில் அதிலேயே நேராக எரியும் 500 வாட் விளக்குகள் உண்டு. வேறு சிலவற்றில் மின்மாற்றி ஒன்று அதனை 12 வோல்ட்டாகத் தாழ்த்தித் தர, 300 வாட் விளக்கு எரிகிறது. இவ்விருவகை அழுத்தங்களுக்கும் ஒரே திருகடி கொண்ட விளக்குகள் விற்கப்படுகின்றன. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

12 வோல்ட் விளக்கை 120 வோல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும்? அழுத்தம் பத்து மடங்கு. ஓம் விதிப்படி ஓட்டமும் பத்து மடங்கு. ஆகவே திறன் நூறு மடங்கு. 300 வாட் இழை அக்கணத்தில் 30,000 வாட்டைத் தாங்க வேண்டும். தாங்குமா? இழை அறும், கண்ணாடி வெடிக்கவும் கூடும். மாறாக, 120 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் மாட்டினால், அது ஏறக்குறைய ஒளிராது. இது தீங்கற்றதுபோல் தோன்றும். எனினும் இதனையே நான் பெரிதும் அஞ்சுகிறேன். மின்மாற்றி பழுதென்று கருதி, அதனை விலக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்க ஒருவர் துணியலாம் அல்லவா? நனைந்த தோலின் மின்தடை மிகவும் குறைவு. குளத்து நீருக்குள் உள்ள கருவிகளுக்கு மாறுமின்சாரம் 12 வோல்ட்டைத் தாண்டலாகாது என்று பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிகள் வரையறுப்பது இதனாலேயே.

அழுத்தம் தாழ்ந்தால் வேறொரு விலை கொடுக்க வேண்டும். 300 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்: 25 ஆம்பியர்! கம்பியின் தடை 0.04 ஓம் மட்டுமே என்றாலும், 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். விளக்கை அடைவது 11 வோல்ட். இழை விளக்கின் ஒளி அழுத்தத்தைவிட விரைந்து குறைவதால், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். அதே 300 வாட்டை 120 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 2.5 ஆம்பியர்தான், இழப்பு 0.1 வோல்ட். தாழ்ந்த அழுத்தத்துக்குத் தடித்த கம்பி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுவதில்லை.

வாட்டைப் பற்றியும் ஒரு சொல். விளக்குக் கூட்டின்மேல் 300 வாட் என்று எழுதியிருந்தால், அது அக்கூடு தாங்கும் வெப்பத்தின் எல்லை. கூடுதல் வெளிச்சத்தை விரும்பி அதில் 500 வாட் விளக்கை இட்டால், நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் வெந்து இறுகும். பின்னர் நீர் கசியும். இத்தகைய கூடுகள் சுற்றியுள்ள நீராலேயே குளிர்கின்றன. ஆகவே கரைமேல் வைத்து எரித்துப் பார்த்தலும் ஆகாது. மின்மாற்றிக்கும் எல்லை உண்டு: 300 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்றில் 300 வாட் விளக்குகள் இரண்டை இணைத்தல் கூடாது.

இந்நாளில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. 300 வாட் இழை விளக்கு இருந்த இடத்தில் 30 வாட் அளவில் ஒன்றை வைக்கிறார்கள். வாட் பத்தில் ஒரு பங்காயிற்று. வோல்ட்டோ பழைய 12 தான். ஆயினும் சில மின்னணு மின்மாற்றிகள், ஒரு குறைந்த அளவுச் சுமையேனும் இல்லாவிடில் ஒழுங்காக இயங்கா, விளக்குச் சிமிட்டும். அப்போது மாற்ற வேண்டியது விளக்கை அன்று, மின்மாற்றியை.