செல்போனும் நம் பிள்ளைகளும்

(உடையார்பாளையத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே பேசியது)



"பையன் போனை விடமாட்டேன் என்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான்." இந்தப் புகார் இல்லாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. அந்தப் போன் வீட்டுக்குள் எப்படி வந்தது? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். பாடம் போனில் வரும் என்றார்கள். முந்திரிக் கூலியோடும் தறிக் கூலியோடும் கடனைச் சேர்த்து நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். பள்ளி திறந்தது. போன் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் நிலைமை தலைகீழானது. பாங்கியில் கூலி ஏறியதா என்று தாய் மகனைத்தான் கேட்கவேண்டும். 'போனைக் கீழே வை' என்று அதட்டிய அதே தாய், அரைமணி கழித்து 'இதைக் கொஞ்சம் பாரப்பா' என்கிறாள். அதட்டல் எப்படி ஏறும்? தகப்பன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தால், மகனுக்கு அப்பா என்பதே போனில் தெரியும் முகம்தான். ஊரில் இருக்கும் தகப்பனோ வேலை முடிந்து வந்து திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்!

பெண்பிள்ளை விஷயம் இன்னும் மோசம். மகன் இரவெல்லாம் விளையாடலாம். மகள் பத்து நிமிஷம் பேசினால் யாரோடு, என்ன சாதி என்று விசாரணை. போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, அவசரமாகத் தாலி கட்ட வைக்கிறவர்களும் உண்டு. இது கண்டிப்பு அல்ல, கொடுமை. பதினெட்டு வயதுக்கு முன் என்றால் சட்டப்படியே குற்றம்.

ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அது தற்செயலா? பிள்ளை பார்க்கும் நேரம் கூடக்கூட விளம்பரம் கூடும். விளம்பரம்தான் கம்பெனியின் வரும்படி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா கம்பெனி மீது 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 33 மாநிலங்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. இளம்பிள்ளைகளை விடாமல் பிடித்துவைக்கவே இப்படி அமைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் இந்தத் தளங்களில் கணக்கு வைக்கவே தடை போட்டது. சர்க்கார்களே மல்லுக்கு நிற்கும் எதிரியை ஒரு பதினாலு வயதுப் பையன் தனியாக ஜெயிக்கவில்லை என்று நாம் பிரம்பை எடுக்கிறோம்!

சாப்பிடும் நேரத்தில் வீட்டிலுள்ள போன்களெல்லாம் ஒரு பெட்டிக்குள் போகட்டும், தகப்பனுடையது முதலில். பாங்கிச் செய்தியைப் படிக்கத் தாய்க்கு மகளே கற்றுக்கொடுக்கட்டும். மாலையில் பிள்ளைகள் போய் விளையாட ஒரு திடல் வேண்டும் என்று பேரூராட்சிக்கு எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அன்று அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.