கீரனூர்ப் பிள்ளைக்குக் கடல் படிப்பா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கீரனூரில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது பல குழுக்களில் ஒரு கேள்வி வருது. "என் மக கடலைப் பத்திப் படிக்கணும்ங்கிறா. நம்ம ஊரு கண்மாயிலயே தண்ணி நிக்கல, கடலைப் படிச்சு என்ன செய்யப் போறா?" கேட்கிறவங்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையோட மூணு வருசமும், குழுவில் வாங்குற கடனும் இதில் அடங்கியிருக்கு.

முதல்ல ஒண்ணு. கடல் நமக்கு அந்நியம் இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் எல்லாம் நம்ம மாவட்டம்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சப்போ ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் தென்னை சாய்ஞ்சதே, அந்தப் புயல் வங்கக் கடலில் உருவானது. நம்ம ஐப்பசி, கார்த்திகை மழையும் அங்கிருந்துதான் வருது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவிச்சது. இந்தியாவிலேயே இதுதான் முதல். கடல்பசு மேய்வது கடல்புல்லை. அந்தப் புல்வெளியில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும். புல் அழிஞ்சா மீனவர் வலையும் காலி, நம்ம சந்தையில் மீன் விலையும் ஏறும். இதையெல்லாம் கணக்கெடுக்கப் படிச்ச ஆட்கள் வேணும்.

அடுத்து, படிப்பு விஷயம். பட்டப்படிப்பில் மேஜர் என்ற முதன்மைப் பாடம் ஒண்ணு, அலைட் என்ற துணைப்பாடம் ஒண்ணு. சில இடங்களில் மைனர் என்பார்கள். விலங்கியலோ, தாவரவியலோ, வேதியியலோ மேஜராக எடுத்துக்கொண்டு, கடல் உயிரியல், மீன் வளர்ப்பு மாதிரிப் பாடத்தைத் துணைப்பாடமாகவோ விருப்பப்பாடமாகவோ படிக்கலாம். இதில் என்ன லாபம்? பிள்ளைக்குக் கடல் பிடிக்கலைன்னாலும் பட்டம் வீணாகாது. பி.எட். போகலாம், அரசுத் தேர்வு எழுதலாம். பிடிச்சுப்போச்சுன்னா மேலே எம்.எஸ்சி. போகலாம்.

அந்த மேல்படிப்புக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போது சாலையோரம் பார்க்கிற பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே கடல் அறிவியல் துறை இருக்கு. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. முழுக்க மீன்வளமே படிக்க விரும்புற பிள்ளைக்கு, 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. தனி வழி. 2021-ல் வந்த சட்டப்படி அதில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு.

"பொம்பளப் பிள்ளையக் கடற்கரைக்கு எப்படி அனுப்புறது?" என்றும் கேட்கிறாங்க. ராமநாதபுரம் பக்கம் நம்மளைப் போன்ற பெண்கள் தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறாங்க. அவங்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது வாங்கினாங்க. படிப்புக்காகப் போகிற பயணத்தில் யார் கூட வர்றாங்க, எங்கே தங்க வைக்கிறாங்கன்னு கல்லூரியில் கேளுங்க. கேட்பது நம்ம உரிமை. பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்றேன். துணைப்பாடமாக மட்டும் படிச்சா உடனே வேலை கிடைச்சுடாது. இறால் குஞ்சுப் பொரிப்பகம், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், மீன் பதப்படுத்தும் கம்பெனி, இங்கெல்லாம் செய்முறை தெரிஞ்சவங்களைத்தான் தேடுவாங்க. ஆராய்ச்சி வேலைக்கு எம்.எஸ்சி. வேணும்.

அதனால் பணம் கட்டும் முன் கல்லூரியில் நாலு கேள்வி கேளுங்கள்:

1. கடல் பற்றிய பாடம் இந்த வருசம் உண்மையிலேயே நடக்கிறதா, விளம்பரத்தில் மட்டும்தானா?
2. அதை நடத்த ஆசிரியரும் ஆய்வகமும் இருக்கா?
3. கடற்கரைப் பயிற்சி எத்தனை நாள்? செலவு யாருடையது?
4. இந்த மேஜரும் அலைட்டும் படிச்சா எந்தெந்த எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கலாம்?

பதிலை எழுதி வாங்கிக்குங்க. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பற்றியும் சேரும்போதே விசாரியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழைத் தயாராக வச்சுக்குங்க.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில், நம்ம குழுவில் பிளஸ் டூ முடிச்ச பெண் பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் என்ன படிக்க ஆசைப்படுறாங்கன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தனியாகக் கல்லூரிக்குப் போகத் தயங்குற தாயோட குழுவிலிருந்து ரெண்டு பேர் துணைக்குப் போங்கள். கடன் கேட்டு வரும்போது ஆடு, மாட்டுக்குக் கொடுக்கிற அதே மனசோட படிப்புக்கும் கொடுங்கள்.