ஆட்டமும் கலையும்



திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி ஆடும் வீடியோ விளையாட்டு கலையாகுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆகாது என்று அடித்துச் சொன்னவர்களுள் ஒருவர் அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட். 2010 ஏப்ரலில் அவர் எழுதியதன் சாரம் இது: ஆட்டத்துக்கு விதியுண்டு, புள்ளிக் கணக்குண்டு, வெற்றியுண்டு, கலையை யாரும் வெல்வதில்லை, அநுபவிக்கத்தான் முடியும்.

அறுபத்துநான்கு கலைகளின் வரிசையில் சூதாட்டத்தையும் நம் முன்னோர் வைத்தார்களே என்று விடை கூறிவிடலாம். அது வெறும் சொற்சிலம்பம். அங்கே கலை என்பது வித்தை. ஈபர்ட் பேசியது உள்ளத்தைத் தொடும் படைப்பைப் பற்றி. ஆகவே ஓர் ஆட்டத்தையே எடுத்துப் பார்ப்போம்.

ஜேசன் ரோரர் என்பவர் 2007-இல் ஆக்கியது 'பாஸேஜ்'. மொத்தம் 5 நிமிஷம். நீளத்தில் 100 கட்டமும் உயரத்தில் 16 கட்டமுமே கொண்ட ஒரு பட்டைதான் அதன் திரை. அதில் இளைஞன் ஒருவன் வலப்புறம் நோக்கி நடக்கிறான். அவனை நடத்துபவர் நாம். தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். விரும்பினால் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இருவராய் நடந்தால் வழிநடைக்குப் புள்ளி மிகுதி. ஆனால் இடுக்கான பாதைகளில் இருவர் நுழைய இயலாது, அவற்றின் உள்ளே இருக்கும் புதையற் பெட்டிகள் எட்டாமலே போகும். நடக்க நடக்கத் தலை நரைக்கிறது, முதுகு வளைகிறது. அவள் முதலில் இறக்கிறாள். அதன்பின் அவன் நடை தளர்ந்துவிடுகிறது. சிறிது பொழுதில் அவனும் இறக்கிறான். எப்படி ஆடினாலும் முடிவு இதுதான்.

முதன்முறை ஆடியபோது அவளோடு நடந்தேன். கண்ணெதிரே பெட்டி இருந்தும் எடுக்க முடியவில்லை. அவள்மேல் எனக்குச் சினமே வந்தது. மறுமுறை அவளைத் திரும்பியும் பாராமல் விட்டு நடந்தேன். பெட்டிகள் பல கிடைத்தன, சில வெறுமையாயிருந்தன. முடிவில் ஒற்றைக் கல்லறை, மேலே ஒரு பெரிய எண்.

நாவலில் ஒருவன் இவ்வாறு செய்திருந்தால் அவனைக் குறை கூறிப் புத்தகத்தை மூடியிருப்பேன். இங்கே செய்தவன் நானே. எந்த விதியும் புள்ளியும் கலைக்குப் பகை என்று ஈபர்ட் கருதினாரோ, அவையே என்னை எனக்குக் காட்டிக்கொடுத்தன. விற்பனைக்கு வரும் ஆட்டங்களுள் பெரும்பாலானவை இத்தகையன அல்ல என்பது மெய். அச்சாகும் நாவல்களும் அப்படித்தானே?

2012-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட 14 ஆட்டங்களில் இதுவும் ஒன்று. சேர்த்தது கட்டடக்கலை, வடிவமைப்புப் பிரிவு. ஆதலின் அதை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஈபர்ட்டோ, 2010 ஜூலையிலேயே, தக்க பழக்கமின்றி அவ்விஷயத்தில் தாம் வாய் திறந்திருக்கலாகாது என்று ஒப்புக்கொண்டார். கொள்கையை மாத்திரம் விடவில்லை. 2013-இல் அவர் காலமானார். இந்த 5 நிமிஷத்தை அவர் ஆடியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். மூன்றாம் முறை ஆட எனக்கே இன்னும் மனம் வரவில்லை.