விட்டுப்போன ஓர் இழை
(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே கணக்குப் படித்தவன் நான். முதலாண்டுத் தேர்வில் அதே கணக்கில் தவறி, படிப்பே வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தறியிலிருந்தபடியே கேட்டார்: "இழை ஒண்ணு அறுந்தா பாவு முழுசையுமாடா வெட்டுவோம்? முடிச்சுப் போட்டு மேல நெய்யிடா."

பின்னாளில் இராமானுஜனைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களை அவர் ஆராய்ந்து, 1915-இல் லண்டனில் கட்டுரையாக வெளியிட்டார். கம்ப்யூட்டர் ஏது அப்போது? கையாலேயே போட்ட பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்குக் காரணிகள் 10,080!

அந்தப் பட்டியலிலும் ஓர் எண் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் வருவது அவருடைய அந்தக் கடைசி எண்ணேதான்!

இழை விட்டதால் அந்தக் கட்டுரையின் பெருமை குறைந்துவிடவில்லை. தம்பி தங்கைகளே, அரியர்ஸ் இருக்கா? முடிச்சுப் போடுங்கள், மேலே நெய்யுங்கள்.